காணாமல் போன காதுகள்

பேரேட்டில் என் கையெழுத்துதான்.
துறைமுகக் கூண்டு: ரிசீவரின் காது காணவில்லை.
தேவாலய மேட்டுக் கூண்டு: காது காணவில்லை.
டோர்ட்டவால் முச்சந்தி: காது, வாய் இரண்டும்.

வாயை எதற்கு எடுத்தார்கள் என்று
மேலாளர் டி காரி கேட்டார்.
அவசரமாக இருந்திருக்கும் என்றேன்.

ஜெர்மன் பட்டாளம்
கர்ன்சித் தீவின் ரேடியோக்களையெல்லாம்
ரசீது கொடுத்து வாரிக்கொண்டு போனபின்
தொலைபேசிக் கூண்டுகள் ஒவ்வொன்றாய்ச் செவிடாயின.
வீடுகளில் யாரோ
கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது காது நான் கழற்றியது.
அதையும் நானே பதிந்தேன்,
மற்றவற்றைவிடச் சற்றுத் திருத்தமான எழுத்தில்.

கல்லை மருந்துக்கடை பிரெஹோ சுட்டுத் தந்தார்.
கூரை விளிம்பிலிருந்து சுரண்டிய ஈயம்,
சொறிக்கு வைத்திருந்த கந்தகம்,
கண்ணாடிக் குழாயில் ஒரு சிவந்த நொடி,
அப்புறம் கறுப்பாய், மினுமினுப்பாய், ஒரு பல்லளவு.
கம்பி, வாசல் மணியின் வயிற்றிலிருந்து.
இருமல் மருந்துக் குப்பியில் எண்பது சுற்று;
எழுபத்து மூன்றில் தங்கை வின்னி தும்மினாள்,
மறுபடி ஒன்றிலிருந்து.
கட்டில் ஸ்பிரிங் ஏரியல்.
மண்ணுக்கு, தண்ணீர்க் குழாய்.

பேட்டரி இல்லை.
மின்சாரம் இல்லை; அந்தக் குளிர்காலத்தில்
அது யாருக்குமே இல்லை.
வந்த குரல் தன் சொந்த பலத்தில் பேசியது,
கடலைத் தாண்டி நடந்தே வந்த ஒருவன்
குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல்
நின்றபடியே சேதி சொல்லிப் போவதுபோல.

கல்லின் முகமெல்லாம் பேசாது.
கடுகளவு இடம் ஒன்று இருக்கும்,
நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது.
கம்பி முனையால் தொட்டுத் தொட்டுத் தேடவேண்டும்.
தெருவில் பூட்ஸ் சத்தம் போனால்
மூச்சைப் பிடித்துக்கொள்வோம்,
எங்களுக்காகப் பாதி,
கல் அதிரக்கூடாதே என்று பாதி.

ரொட்டி மாவு கண்டு மாதமான பீங்கான் கிண்ணத்தில்
காதை மல்லாத்தி வைத்து
இரண்டு தலையும் குனிவோம்.
காதும் காதும் வைத்தாற்போல் என்பது
எங்களுக்கு உவமை இல்லை.
வின்னியின் தோடு என் காதுமடலில் குத்தும்.

காலையில் மீன் வரிசையில்
கேட்டதைச் சொல்வேன், உதடு அசையாமல்,
முன்னால் நிற்பவளின் பின்னங்கழுத்துக்கு.

ஒரு புதன் இரவு
வின்னியின் முழங்கை மேஜையில் இடித்தது.
இடம் போய்விட்டது.
விரல் விறைக்கும்வரை தேடினேன்.
கல், கல்லாகவே இருந்தது.

காலையில் மிசஸ் ஓஜியர் திரும்பி
புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.
அவள் மகன் அக்கரையில், படையில்.
ஒன்றுமில்லை என்று சொல்ல
வாய் வரவில்லை.
லண்டனில் மழை, என்றேன்.

வெள்ளிக்கிழமை அது என்னிடமே திரும்பி வந்தது,
பெருமழையாக.
சனிக்கிழமை இரண்டு பாலங்கள் முழுகியிருந்தன.
ஞாயிறு பிரார்த்தனை முடிந்து
டி காரி என்னை ஓரமாய் அழைத்து,
நம்பகமான இடத்துத் தகவல்,
கடைவீதிகளில் படகு விடுகிறார்களாம் என்றார்.
அப்படியா, என்றேன்.
தரைத்தளத்தில் குடியிருக்கும் என் அத்தையை நினைத்து
ஒரு கணம்
நிஜமாகவே பதறினேன்.

அன்று இரவு இடம் அகப்பட்டது,
கல்லின் உடைந்த விளிம்பில்.
மழை பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஊர்ப் பெயர்கள். எண்கள். இன்னும் ஊர்ப் பெயர்கள்.
நடுவில் செய்தி வாசிப்பவர் இருமினார்.
மன்னிக்கவும் என்றார்.
தாள் புரளும் சத்தம்.
எங்களிடமா கேட்டார்?
கிண்ணத்துக்குள் நாங்கள் நிமிரவே இல்லை.

திங்கட்கிழமை வரிசையில்
ஊர்ப் பெயர்களையெல்லாம் சொன்னேன்,
எண்களையும்.
மழையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.
இருமலைச் சொல்லவில்லை.